பெயரைக் கேட்டுச் சாற்றைக் கொட்டுவோருக்கு

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

அல்லாஹ் விலக்கியதை ஆகுமாக்குவது எவ்வளவு பெரிய குற்றமோ, அவன் ஆகுமாக்கியதை விலக்குவதும் அவ்வளவு பெரிய குற்றமே. முதல் குற்றத்தைக் கண்டால் நாம் பதறுகிறோம். இரண்டாவது குற்றத்தைச் செய்பவரையோ ‘மிகுந்த பேணுதல் உடையவர்’ என்று பாராட்டுகிறோம். நம் சமுதாயத்தில் நெடுங்காலமாக நடந்துவரும் இந்தத் தவறு, இப்போது அடுப்படி வரைக்கும் வந்துவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் மதரஸாவில் மாலை நேரப் பெண்கள் வகுப்புக்கு வரும் ஒரு சகோதரி அண்மையில் ஒரு கேள்வி கேட்டார். அவருடைய மாமியாருக்குக் காய்ச்சலும் சளியும் கடுமையாக இருந்தன, சோறு இறங்கவில்லை. கைப்பேசியில் ஒரு செய்முறையைப் பார்த்து, முட்டைக்கோழி ஒன்றை வாங்கி, மூன்று மணி நேரம் அடுப்பருகே நின்று சாறு வைத்திருக்கிறார். அந்தச் செய்முறையின் பெயர் ‘யூதர்களின் கோழிச்சாறு’. நலம் விசாரிக்க வந்த உறவினர் ஒருவர் பெயரைக் கேட்டதும், யூதர்களின் உணவு முஸ்லிம் வீட்டில் எதற்கு என்று கடிந்து, பாத்திரத்தோடு எடுத்துக் கழுவும் தொட்டியில் கொட்டச் செய்திருக்கிறார். “ஹஜ்ரத், நான் ஹராமானதைச் சமைத்துவிட்டேனா?” என்பதுதான் அந்தச் சகோதரியின் கேள்வி.

இல்லை, சகோதரியே. நீங்கள் செய்தது நன்மை. கொட்டியவர் செய்ததில் மூன்று தவறுகள் உள்ளன: உணவை வீணடித்தது, நோயாளியின் பங்கைப் பறித்தது, மார்க்கம் சொல்லாத ஒன்றை மார்க்கத்தின் பெயரால் சொன்னது. இவற்றுள் மூன்றாவதே மிகக் கடுமையானது. ஆதலால் அதிலிருந்து தொடங்குவோம்.

மார்க்கம் சொல்வது என்ன?

சூரத்துல் மாயிதாவின் ஐந்தாம் வசனம், வேதம் கொடுக்கப்பட்டோரின் உணவு நமக்கு ஆகும் என்றும் நம் உணவு அவர்களுக்கு ஆகும் என்றும் தெளிவாக அறிவிக்கிறது. வேதம் கொடுக்கப்பட்டோர் என்பதில் யூதர்களும் கிறிஸ்தவர்களும் அடங்குவர் என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. அவ்வசனத்தில் உணவு என்று சொல்லப்பட்டிருப்பது, அவர்கள் அறுத்த பிராணியையே குறிக்கும் என்பது விரிவுரையாளர்கள் பலரின் விளக்கம். யூதர் ஒருவர் தம் வேதச் சட்டப்படி அறுத்த கோழியே நமக்கு ஆகும் என்றால், நம் ஊர்ப் பாய் பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்த கோழியை யூதர்களின் பக்குவத்தில் வேகவைத்தது எப்படி ஆகாமல் போகும்? அந்தச் சட்டியில் இருந்தவை கோழி, வெங்காயம், கேரட், மிளகு, உப்பு, தண்ணீர். இவற்றில் எது ஹராம் என்று கொட்டியவர் சொல்லட்டும்.

பொருள்களின் அடிப்படை நிலை ஆகுமானதே என்பது ஃபிக்ஹு சட்டத்தின் பொதுவிதி. விலக்கு என்று சொல்பவர்தான் ஆதாரம் கொண்டுவர வேண்டும். சிலர் உடனே ‘பிற சமூகத்தாருக்கு ஒப்பாதல் கூடாது’ என்ற நபிமொழியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அந்த நபிமொழியை நாமும் தலைமேல் வைத்து ஏற்கிறோம். ஆனால், பிறருடைய வழிபாட்டுக்கும் சமயத்துக்கும் தனி அடையாளமாக இருப்பவற்றைப் பின்பற்றுவதுதான் அந்தத் தடைக்குள் வரும் என்று அறிஞர்கள் விளக்கியிருக்கிறார்கள். கோழியைத் தண்ணீரில் வேகவைப்பது யாருடைய வழிபாடும் அன்று. ஒருவர் யூதர்களின் பாஸ்கா பண்டிகைச் சடங்கைத் தம் வீட்டில் நடத்தினால் அது வேறு பேச்சு. காய்ச்சலில் கிடக்கும் மாமியாருக்குச் சாறு ஊற்றுவதில் சடங்கு எங்கே இருக்கிறது?

நபி (ஸல்) அவர்களின் வாழ்வைப் பாருங்கள். அவர்கள் இவ்வுலகை விட்டுப் பிரிந்தபோது, அவர்களுடைய கவசம் குடும்பத்தின் உணவுக்காக வாங்கிய வாற்கோதுமைக்கு ஈடாக ஒரு யூதரிடம் அடகில் இருந்தது. தமக்குப் பணிவிடை செய்த யூதச் சிறுவன் நோயுற்றபோது, அவர்களே அவன் வீட்டுக்குச் சென்று தலைமாட்டில் அமர்ந்தார்கள். கைபரில் ஒரு யூதப் பெண் கொடுத்த ஆட்டிறைச்சியில் நஞ்சு கலந்திருந்தது. அந்த நஞ்சுக்குப் பிறகுகூட யூதர் அனைவருடைய உணவும் விலக்கு என்று சட்டம் வரவில்லை. நஞ்சு வைத்தவளின் குற்றம் அவளோடு நின்றது. நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களின் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டதாக அபூதாவூதும் திர்மிதியும் பதிவு செய்துள்ளனர். யூதரின் வீட்டுக்கு இறைச்சி போயிற்றா என்று கவலைப்பட்டவர்களின் மார்க்கத்தில் இருந்துகொண்டு, யூதரின் பெயர் ஒட்டிய சாற்றைத் தொட்டியில் கொட்டுகிறோம்.

கோழியைப் பற்றியே ஒரு செய்தி உண்டு. அபூமூஸா அல்அஷ்அரி (ரலி) அவர்களின் விருந்தில் கோழிக்கறி வந்தது. அங்கிருந்த ஒருவர், கோழி அழுக்கைத் தின்பதைக் கண்டு அருவருத்ததால் இனி அதை உண்பதில்லை என்று சத்தியம் செய்திருப்பதாகச் சொல்லி ஒதுங்கினார். நபி (ஸல்) அவர்கள் கோழி உண்டதைத் தாம் கண்டிருப்பதாக அபூமூஸா (ரலி) கூறி அவரை உணவுக்கு அழைத்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி இது. தம் மனத்தில் தோன்றும் அருவருப்பை மார்க்கச் சட்டமாக்கிக்கொள்ள வேண்டாம் என்ற பாடம் இதில் நமக்கு உண்டு.

இந்தச் சாறு யாருடையது?

‘யூதர்களின் கோழிச்சாறு’ என்று உலகம் இன்று அழைப்பது, பெரும்பாலும் கிழக்கு ஐரோப்பாவில் வாழ்ந்த யூதர்கள் வெள்ளிக்கிழமை மாலைக்குச் சமைத்த சாறு. அவர்களுடைய இத்திஷ் மொழியில் அதற்குத் ‘தங்கச் சாறு’ என்று பொருள்படும் பெயர் உண்டு. மேலே மிதக்கும் கொழுப்பின் பொன்னிறமே காரணம். முட்டையிட்டு ஓய்ந்த கிழட்டுக்கோழியே அதற்கு ஏற்றது. ஏழை வீடுகளில் ஒரு கோழியை வைத்து முழுக் குடும்பத்தையும் பசியாற்ற வேண்டும். கறியாக வைத்தால் போதாது, சாறாக வைத்தால் போதும். அவர்களுக்கும் பன்றி விலக்கு. எனவே பன்றிக் கொழுப்பு கிடையாது. இறைச்சியோடு பாலைச் சேர்ப்பதும் அவர்கள் சட்டத்தில் கூடாது. எனவே வெண்ணெயும் கிடையாது. கோழியின் கொழுப்பையே உருக்கிச் சமையலுக்கு வைத்துக்கொண்டார்கள். ஆகவே ஐரோப்பியச் சமையல்களைப் புரட்டிப் பார்க்கும் முஸ்லிமுக்கு மது, பன்றி என்ற அச்சமின்றிக் கையில் எடுக்கத்தக்க செய்முறை ஒன்று உண்டென்றால், அது இதுவே. பெயரைக் கேட்டு மிரள்வோர் இதை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இன்னும் பின்னால் போனால், இந்தச் சாற்றின் வரலாறு நம் வரலாற்றோடு கலந்து கிடக்கிறது. கோழிச்சாற்றை மருந்துணவாகப் புகழ்ந்தவர் என்று யூதர்கள் இன்றும் பெருமையோடு சொல்லும் பெயர் மூஸா இப்னு மைமூன். ஸ்பெயினின் குர்துபாவில் பிறந்தவர். முவஹ்ஹிதூன் ஆட்சியாளர்கள் பிற சமயத்தார்மீது செலுத்திய கெடுபிடியால் அவர் குடும்பம் நாட்டைவிட்டு வெளியேறியது. அவ்வாட்சியாளர்கள் முஸ்லிம்கள் என்பதற்காக அந்தக் கொடுமையை நாம் மறைக்க வேண்டியதில்லை. அவருக்கு அடைக்கலம் தந்தது எகிப்து. அதுவும் முஸ்லிம் ஆட்சிதான். சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபியின் அமைச்சர் அல்காழி அல்ஃபாழிலுக்கும், பின்னர் சுல்தானின் மகன் அல்அஃப்ழலுக்கும் அவர் மருத்துவராக இருந்தார். ஈளை நோயைப் பற்றி அவர் எழுதிய நூல் அரபு மொழியில் எழுதப்பட்டது. அதில் கோழிச்சாற்றைப் பரிந்துரைக்கிறார். செவில் நகரின் முஸ்லிம் மருத்துவர் இப்னு ஸுஹ்ரைப் பெரிதும் மதித்தவர் அவர். 1204-இல் எகிப்தின் ஃபுஸ்தாத்தில் மறைந்தார். பைத்துல் முகத்தஸை மீட்ட ஸலாஹுத்தீனின் அரண்மனைக்கு ஒரு யூதர் மருத்துவராக இருக்கலாம். நம் வீட்டு அடுப்பில் யூதர்களின் சாறு இருக்கக்கூடாதா?

இந்த இப்னு மைமூன் மருத்துவத் தொழிலை முழுமையாக மேற்கொண்டதற்கும் நம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. குடும்பத்தைக் காத்துவந்த தம்பி தாவூத், இந்தியாவோடு வணிகம் செய்யப் புறப்பட்டு இந்தியப் பெருங்கடலில் மூழ்கி இறந்தார். குடும்பத்தின் பணமும் அவரோடு போயிற்று. அந்தத் துயரத்துக்குப் பிறகே அண்ணன் மருத்துவத்தால் பிழைக்க நேர்ந்தது. அந்தக் காலத்தில் எகிப்து, ஏடன், மலபார் என்று மிளகும் ஏலக்காயும் போய்வந்த கடல்வழியில் முஸ்லிம் வணிகரும் யூத வணிகரும் கூட்டாளிகளாக இருந்தனர். கெய்ரோவின் பழைய யூத ஆலயம் ஒன்றில் கிடைத்த கடிதக் குவியல் இதற்குச் சான்று.

யெமன் நாட்டு யூதர்களின் கோழிச்சாற்றைப் பாருங்கள். மிளகு, சீரகம், மஞ்சள், ஏலக்காய் சேர்ந்த ஹவாயிஜ் என்னும் பொடியை அதில் போடுகிறார்கள். யெமன் முஸ்லிம்களும் அதே பொடியைத் தங்கள் குழம்பில் போடுகிறார்கள். நாமோ அதே மிளகையும் சீரகத்தையும் மஞ்சளையும் போட்டு ‘ஆணம்’ என்கிறோம். கொச்சியிலிருந்து சென்ற யூதர்களின் சமையலில் தேங்காய்ப்பாலும் கறிவேப்பிலையும் இருக்கின்றன. இவற்றில் எந்தக் கரண்டி யாருடையது என்று பிரித்துச் சொல்ல யாரால் முடியும்?

“பாலஸ்தீனத்தை மறந்துவிட்டீர்களா?”

இக்கேள்வி வரும் என்று அறிவேன். கேட்பவரின் நெஞ்சில் இருக்கும் வலி உண்மையானது. என் நெஞ்சிலும் அது இருக்கிறது. காஸாவின் குழந்தைகள் குண்டுக்கும் பசிக்கும் இரையானதைக் கண்டு கலங்காதவர் மனிதரே அல்லர். ஆனால், அந்த வலியை எங்கே இறக்கிவைப்பது என்பதை நம் மனம்போன போக்கில் முடிவு செய்ய அல்லாஹ் நம்மை விடவில்லை. ஒரு கூட்டத்தார்மீது உள்ள பகை உங்களை நீதி தவறச் செய்துவிட வேண்டாம் என்று அதே சூரத்துல் மாயிதாவின் எட்டாம் வசனம் கட்டளையிடுகிறது. உணவு ஆகும் என்று ஐந்தாம் வசனத்தில் சொன்னவன், மூன்று வசனம் தள்ளி நீதியைச் சொல்கிறான்.

ஓர் அரசின் கொடுமைக்கு ஒரு சமயத்தார் அனைவரையும் பொறுப்பாக்குவது நீதியா? உலகின் எந்த மூலையிலோ நம் பெயர் தாங்கிய சிலர் செய்யும் கொடுமைக்குச் சேலத்தில் வாடகைவீடு தேடும் முஸ்லிம் இளைஞனைப் பொறுப்பாக்கும்போது, நாம் என்ன சொல்கிறோம்? ‘இது அநீதி’ என்கிறோம். அந்த நீதியின் அளவுகோல் நமக்கு ஒன்றும் பிறருக்கு வேறொன்றும் ஆகாது. அளவில் மோசம் செய்வோருக்குக் கேடு என்று ஒரு தனி அத்தியாயமே குர்ஆனில் இறங்கியிருக்கிறது.

‘பொருள் புறக்கணிப்பு வேண்டாமா?’ என்று மற்றொருவர் கேட்பார். ஒரு நிறுவனம் அநீதிக்குத் துணைபோகிறது என்று உறுதியாகத் தெரிந்து அதன் பொருளை வாங்க மறுப்பது ஒருவருடைய உரிமை. ஆனால், இந்தச் சாற்றுக்கு யாரிடம் என்ன வாங்குகிறோம்? கோழி நாமக்கல் பண்ணையில் வளர்ந்தது. கேரட்டும் வெங்காயமும் உழவர் சந்தையில் நம் ஊர் விவசாயியிடம் வாங்கியவை. சாற்றைக் கொட்டியதால் எந்தக் கொடுங்கோலனுக்கும் ஒரு காசு இழப்பில்லை. இழப்பு மாமியாருக்குத்தான்.

நம் நாட்டிலேயே வேறு வகை முஸ்லிம்கள் இருக்கிறார்கள். கொல்கத்தாவின் யூத ஆலயங்களைக் கூட்டிப் பெருக்கிப் பாதுகாப்பவர்கள் முஸ்லிம்கள். அங்குள்ள யூதப் பெண்கள் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் முஸ்லிம் வீட்டுப் பெண்கள். கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டப்பட்ட பரதேசி யூத ஆலயம் இருக்கும் தெருவில், பூத்தையல் கடை வைத்திருந்த மூதாட்டி சாரா கோஹன் 2019-இல் தம் 96-ஆம் வயதில் மறைந்தார். பிள்ளைகள் இல்லாத அவரை முதுமையில் கவனித்துக்கொண்டதும், அவர் கடையைத் தொடர்ந்து நடத்துவதும் ஒரு முஸ்லிம் குடும்பம். சென்னையிலும் பவள வணிகம் செய்த யூதர்களின் நினைவாகப் பவளக்காரத் தெரு இன்றும் இருக்கிறது. இவர்களையெல்லாம் விட்டுவிட்டு, வாட்ஸ்அப்பில் வரும் தலையும் காலும் இல்லாத செய்தியிடமா நாம் மார்க்கம் கற்பது?

கேட்க வேண்டிய கேள்விகள்

பேணுதல் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். பேணுதல் வேண்டும், அது இருக்க வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும். சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நாம் கோழியின் நடுவே வாழ்கிறோம். நாள்தோறும் கோடிக்கணக்கான முட்டைகளைத் தரும் மண் இது. சத்துணவுப் பிள்ளைகளின் தட்டுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் இங்கிருந்து முட்டை போகிறது. கோழிக்கு இவ்வளவு அருகில் இருக்கும் நாம், சாற்றின் பெயரைத் துருவுவதற்கு முன் கேட்க வேண்டியவை மூன்று.

முதலாவது, அறுத்தது யார்? எப்படி அறுத்தார்? ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கறிக்கடை முன் வரிசை நீளும்போது நடப்பதைக் கண் திறந்து பாருங்கள். வரிசையைக் குறைக்கும் அவசரத்தில், கழுத்தில் கத்தி பட்டவுடனே, துடிப்பு அடங்கும் முன்னே, பறவையைக் கொதிநீரில் அமிழ்த்தும் இடங்கள் உண்டு. உயிர் அறுப்பால் பிரிந்ததா, வெந்நீரால் பிரிந்ததா என்று யாரும் கேட்பதில்லை. பெரும்பாலும் நாம் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில், பிஸ்மில்லாஹ்வை வேண்டுமென்றே விட்டால் அந்த இறைச்சி ஆகாது. நாம் நின்று கேட்டதுண்டா? கத்தியைக் கூர்மையாக்கிப் பிராணிக்கு இதமளிக்கும்படி நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டிருக்கிறார்கள். யூதர்களின் சட்டத்தில் அறுப்பவர் அதற்கெனப் படித்துத் தகுதிபெற வேண்டும். கத்தியின் விளிம்பில் மயிரிழை அளவு பிசிறு இருக்கிறதா என்று நகத்தால் தடவிச் சோதிக்க வேண்டும். பிசிறு இருந்தால் அறுப்புச் செல்லாது. அவர்களிடம் நாம் வெறுக்க வேண்டியது இந்தப் பேணுதலையா?

இரண்டாவது, கோழி எதைத் தின்று வளர்ந்தது? அழுக்கைத் தின்ற பிராணியை ‘ஜல்லாலா’ என்று ஃபிக்ஹு கூறும். அத்தகைய கோழியை இப்னு உமர் (ரலி) அவர்கள் மூன்று நாள் கட்டிவைத்துத் தூய தீனி கொடுத்த பிறகே உண்டதாகச் செய்தி உண்டு. இக்காலத்தில் இதோடு ஒப்பிட்டு எண்ணவேண்டியது நுண்ணுயிர்க்கொல்லி மருந்து. மனிதருக்குக் கடைசிப் புகலாக வைத்திருக்கும் கோலிஸ்டின் என்னும் மருந்தைக் கோழிகளுக்குக் கொடுப்பதற்காகத் தயாரிப்பதையும் விற்பதையும் இந்திய அரசு 2019 ஜூலையில் தடை செய்தது. மற்ற மருந்துகளைக் கொடுத்தால், விற்பனைக்கு முன் குறித்த நாள்கள் மருந்தை நிறுத்திவைக்க வேண்டும். பண்ணை வைத்திருக்கும் நம் சகோதரர்களே, அந்த நாள்களைக் காப்பது வாங்குவோர் உங்கள்மீது வைத்திருக்கும் அமானிதத்தைக் காப்பது.

மூன்றாவது, உறையிலும் கட்டியிலும் வருவது என்ன? யூதர்களின் சாறு வேண்டாம் என்றவர் வீட்டு அலமாரியில் சூப் பொடி உறைகளும் சிக்கன் க்யூபுகளும் இருக்கும். உறையின் பின்புறத்தைப் படித்துப் பாருங்கள். பல க்யூபுகளில் முதலிடத்தில் இருப்பது உப்பு. கோழிக் கொழுப்பு என்று இருந்தால், அந்தக் கோழியை யார் அறுத்தார் என்பது எழுதப்பட்டிருக்காது. ஹலால் முத்திரை உண்டா என்று பார்க்காமலேயே அது நம் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. பெயரில் ‘யூத’ என்ற சொல் இல்லாததால் நம் பேணுதல் அங்கே தூங்கிவிடுகிறது.

செய்முறை

ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ள முட்டைக்கோழி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். இளம் கறிக்கோழி இதற்கு ஆகாது. அரை மணியில் வெந்து குழைந்துவிடும், சாற்றில் சத்தும் மணமும் இறங்காது. பண்ணையில் முட்டைக்காலம் முடிந்து, ஏறக்குறைய ஒன்றரை வயதில் விற்பனைக்கு வரும் கோழியின் இறைச்சி கடினமானது என்று நாம் ஒதுக்குகிறோம். சாற்றுக்கு அந்தக் கடினமே தேவை. எலும்பும் தசைநாரும் மெல்லக் கரைந்து, ஆறினால் கூழாக உறையும் பதம் அதிலிருந்துதான் வருகிறது. காலையும் கழுத்தையும் எறியாமல் சுத்தம் செய்து சேருங்கள்.

மூன்று லிட்டர் குளிர்ந்த நீரில் கோழியைப் போட்டுச் சிறுதீயில் சூடாக்குங்கள். மேலே வரும் நுரையைக் கரண்டியால் எடுத்துக்கொண்டே இருங்கள். தெளிந்த சாற்றின் இரகசியம் இதுதான். நுரை அடங்கியபின் இரண்டு பெரிய வெங்காயத்தைத் தோலோடு இரண்டாக வெட்டிப் போடுங்கள். தோல்தான் பொன்னிறம் தரும். மூன்று கேரட், ஒரு டர்னிப், செலரித் தண்டு, மிளகு ஒரு தேக்கரண்டி, அளவாக உப்பு. டர்னிப் கிடைக்காவிட்டால் நூக்கல் போதும்; செலரிக்குப் பதிலாகக் கொத்தமல்லித் தண்டு. கடைசியில் தூவ, ஐரோப்பிய யூதர்கள் சேர்ப்பது சதகுப்பைக் கீரை. கொதிக்க விடாமல், ஓரத்தில் சிறு குமிழ் மட்டும் எழும் அளவில் மூன்று மணி நேரம் வையுங்கள். குக்கரில் வைத்தால் முக்கால் மணியில் ஆகிவிடும். சாறு சற்றுக் கலங்கும், அவ்வளவே. யெமன் வழி விரும்புவோர் மஞ்சள், சீரகம், ஏலக்காய் சேர்க்கலாம்.

வடிகட்டி ஆறவைத்தால் கொழுப்பு மேலே படியும். அதில் இரண்டு மேசைக்கரண்டி எடுத்து, இரண்டு முட்டை, அரைக் கோப்பை மாவுப்பொடி, இரண்டு மேசைக்கரண்டி சாறு, உப்பு சேர்த்துப் பிசைந்து அரை மணி குளிரவைத்து, ஈரக்கையால் சிறு உருண்டைகளாக்கி, கொதிக்கும் உப்புநீரில் மூடி அரை மணி வேகவைப்பார்கள். அவர்கள் பயன்படுத்தும் மாவுப்பொடி, புளிக்காத மொறுமொறுப்பான ரொட்டியைப் பொடித்தது. அந்த ரொட்டியில் மாவில் நீர் பட்டதிலிருந்து 18 நிமிடத்துக்குள் வேலையை முடிக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. நமக்கு அந்த விதி இல்லை. சப்பாத்தியை மொறுமொறுப்பாகச் சுட்டுப் பொடித்தால் போதும். அதுவும் முடியாவிட்டால் சேமியா போடுங்கள். மெல்லிய மாவிழை சேர்ப்பதும் அவர்களிடையே வழக்கமே.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். சாறு எல்லா நோயையும் தீர்க்கும் என்று நாம் மிகைப்படுத்த வேண்டாம். அமெரிக்காவின் நெப்ராஸ்காப் பல்கலைக்கழகத்தில் மருத்துவர் ஸ்டீபன் ரென்னார்டு, தம் மனைவியின் பாட்டி வைத்த சாற்றின் செய்முறையைக் கொண்டே ஆராய்ந்து, வீக்கத்தை உண்டாக்கும் வெள்ளணுக்களின் நகர்வை அது ஓரளவு தணிக்கிறது என்று 2000-இல் வெளியிட்டார். அது ஆய்வுக்கூடக் குழாயில் கண்டது, நோயாளிகளிடம் கண்டதன்று. சூடான சாறு மூக்கடைப்பை இளக்கும். நீரும் உப்பும் உடலில் சேரும். பசியற்றவருக்குத் தெம்பு தரும். காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினால் மருத்துவரிடம் செல்லுங்கள். இரத்த அழுத்தமோ சிறுநீரக நோயோ உள்ளவருக்கு உப்பைக் குறையுங்கள். கொல்லிமலையிலும் ஏற்காட்டிலும் விற்கும் முடவாட்டுக்கால் சூப்பை மலையேறிப் போய்க் குடிக்கும் நமக்கு, நோயாளிக்குச் சாறு தருவதன் அருமையை நான் சொல்லவேண்டியதில்லை. நோயுற்றவருக்கும் துயருற்றவருக்கும் ‘தல்பீனா’ என்னும் கஞ்சியைக் கொடுக்கும்படி அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சொல்லிவந்தார்களே, அந்த வழியில் வந்தவர்கள் நாம்.

ஆண்களுக்கு ஒரு சொல்

இந்த ஃபத்வாக்களை வீசுபவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். சாறு வைக்க மூன்று மணி நேரம் நின்றவர் பெண். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் குடும்பத்தாரின் வேலைகளில் உதவியாக இருந்தார்கள் என்று ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். தன் தாய்க்கு ஒருநாளும் அடுப்புப் பற்றவைக்காத மகன், மருமகள் வைத்த சாற்றில் குற்றம் காண என்ன தகுதி பெற்றிருக்கிறான்? ஐயம் இருந்தால் நல்லவிதமாகக் கேளுங்கள். தெரியாவிட்டால் தெரிந்த ஆலிமிடம் கேளுங்கள். அதுவரை வாயும் கையும் அடங்கியிருக்கட்டும்.

ஆணம் சமைத்தால் நீரைச் சற்று அதிகமாக்கி அண்டை வீட்டாரைக் கவனித்துக்கொள்ளும்படி அபூதர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். அந்த அண்டை வீட்டார் எந்தச் சமயத்தவர் என்று அதில் நிபந்தனை இல்லை. மூன்று லிட்டர் சாறு ஒரு வீட்டுக்கு மிகுதி. பக்கத்து வீட்டில் இருமிக்கொண்டிருக்கும் பெரியவருக்கு ஒரு தூக்குவாளியில் கொடுத்தனுப்புங்கள். அவர் கோழி உண்பவரா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். உண்ணாதவருக்குக் கேரட்டும் மிளகும் மட்டும் போட்டுத் தனியே வைத்துக் கொடுங்கள். என்ன சாறு என்று அவர் கேட்டால், பெயரை மறைக்காமல் சொல்லுங்கள்.

அல்லாஹ் நமக்கு ஹலாலை ஹலாலாகக் காட்டி அதைப் பின்பற்றும் பேற்றையும், ஹராமை ஹராமாகக் காட்டி அதைவிட்டு விலகும் பேற்றையும் தருவானாக. நம் நோயாளிகளுக்கு நலத்தையும், காஸாவின் மக்களுக்கு உணவையும் அமைதியையும் அருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.